வான்படை விமானங்களின் பெயர்கள்: ஒரு சொல்லாய்வு

பெயரிடுதலுக்கு இலக்கணம் கண்ட மொழி தமிழ். சொல்லதிகாரத்தில் பெயரியல் என்று ஓர் இயலையே வகுத்த தொல்காப்பியர், பொருளதிகாரத்தின் இறுதியில் மரபியலை அமைத்து, எவ்வுயிரின் இளமையை எச்சொல்லால் வழங்குதல் மரபு என்பதுவரை விதந்து கூறினார். ஒரு பொருளுக்கு இடப்படும் பெயர் அப்பொருளைப் பற்றிச் சொல்வதைக் காட்டிலும், பெயரிட்டவரைப் பற்றி மிகுதியாகச் சொல்லிவிடும் என்பது எம் கருத்து. இக்கருத்தை இந்திய வான்படையின் விமானங்களைக் கொண்டு ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறைக்கும் போர்விமானத்துக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் இருக்கலாம். அத்தொடர்பை ஏற்படுத்தியவர் எம் மாணவர் ஒருவர். இளங்கலை வகுப்பில் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை நடத்திக்கொண்டிருந்தோம். சச்சந்தன் மயில் வடிவில் பறக்கும் பொறி ஒன்றைச் செய்வித்ததும், பகைவர் சூழ்ந்தபோது கருவுற்றிருந்த விசயை அதில் ஏறிச் சென்று சுடுகாட்டில் இறங்கிச் சீவகனை ஈன்றதும் சொல்லி முடித்தோம். பரங்கிப்பேட்டையிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் அம்மாணவர் எழுந்து, "சார், நம்ம விமானப்படையில எந்த விமானத்துக்காவது தமிழ்ப் பேரு இருக்கா?" என்றார். வகுப்பு சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை, விடையும் வரவில்லை. "பார்த்துச் சொல்கிறேன், தம்பி" என்று சொல்லி வைத்தோம். பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

விமானமும் ஊர்தியும்

முதலில் 'விமானம்' என்னும் சொல்லையே நோக்குவோம். சிதம்பரத்து முதியவர் ஒருவரிடம் இச்சொல்லைச் சொன்னால் அவர் கண் வானத்தை நோக்காது, கோயிலை நோக்கும். கருவறையின் மேல் எழும் கட்டடப் பகுதிக்கு அதுவே பெயர். கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரிலும் அப்படியே. அசையாது நிற்பதற்கும் ஓயாது பறப்பதற்கும் ஒரே சொல் வழங்குவது விந்தையே. நம் கடற்கரை முஸ்லிம் ஊர்களிலோ நிலைமை வேறு. அங்கே பயணம் என்றால் 'சபர்'. சபர் என்றால் கப்பல். 1970களிலும் எண்பதுகளின் முற்பகுதியிலும் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரை ஏற்றிச் சென்ற கப்பல்களுள் ஒன்றன் பெயரே 'சிதம்பரம்'. அக்கப்பல் நின்றபின் வாப்பாமார் வளைகுடா நாடுகளுக்கு 'ஏரோப்ளேன்' ஏறினர். கப்பலுக்கு ஊரின் பெயர் இருந்தது. ஏரோப்ளேனுக்கு இருந்தது எண் மட்டுமே.

'வானூர்தி' என்பது இக்காலத்தார் ஆக்கிய கலைச்சொல் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அன்று. புறநானூற்றின் 27ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புலவர் பாடும் புகழுடையோர்க்கு வாய்க்கும் வானூர்தியைக் குறிப்பிடுகின்றார். செலுத்துவார் இன்றித் தானே செல்வது அது என்றும் சொல்கின்றார். இதைக் கொண்டு பழந்தமிழர் விமானம் ஓட்டினர் என்று மேடையில் முழங்குவோருடன் யாம் உடன்படுவதில்லை. பாடல் பேசுவது மறுமைப் பேற்றை, பொறியியலை அன்று. ஆயினும் அச்சொல் அங்கே உளது என்பது உளது. அதனைப் பின்னர் மீண்டும் நினைக்க நேரும்.

கராச்சியில் தொடக்கம்

இந்திய வான்படை 1932 அக்டோபர் 8ஆம் நாள் சட்டப்படி தோன்றியது. அதன் முதற் பறப்புப் பிரிவு 1933 ஏப்ரல் 1ஆம் நாள் கராச்சியின் டிரிக் ரோடு தளத்தில் நான்கு விமானங்களுடன் அமைந்தது. முதன்முதலில் ஆணை பெற்ற இந்திய விமானியர் ஐவர். அவருள் ஒருவரான சுப்ரதோ முகர்ஜி 1954இல் வான்படையின் முதல் இந்தியத் தலைவரானார். அவான் என்னும் இஸ்லாமியர் ஒருவரும் அவ்வைவருள் இருந்தார் என்பது நம் மாணவர் அறிய வேண்டியது.

அந்நான்கு விமானங்களின் பெயர் 'வாபிட்டி'. இங்கிலாந்தில் செய்யப்பட்டது, பெயரோ அமெரிக்கப் பழங்குடியினர் மொழியிலிருந்து வந்தது, பொருள் ஒரு வகைப் பெருமான். ஆங்கிலேயர் செய்து, அமெரிக்கப் பழங்குடிச் சொல்லால் பெயரிட்டு, கராச்சியில் இந்தியர் ஓட்டிய மான்! அடிமை நாட்டின் படைக்கு அதன் மொழியில் பெயரிட யாருக்குத் தோன்றும்? தொடர்ந்து வந்தவையும் அவ்வாறே. 'லைசாண்டர்' என்பது பண்டைக் கிரேக்கத் தளபதி ஒருவனின் பெயர். 1942இல் பர்மாவில் முதலாம் அணியினர் மஜும்தார் தலைமையில் இவ்விமானங்களில் குண்டுகளைப் பொருத்திச் சென்று ஜப்பானியர் தளங்களைத் தாக்கினர். உளவுக்கென்றும் படைத்துணைக்கென்றும் செய்யப்பட்ட மெதுவான விமானம் அது; துணிவு ஓட்டியவருடையது. பின்னர் 'ஹரிக்கேன்' வந்தது. சூறாவளி என்பது பொருள்.

நம் கரைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. இரண்டாம் உலகப்போர் தொடங்கியபின் கடலோரக் காவலுக்கென ஆறு பறப்புப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் முதலாவது சென்னைப் பரங்கிமலையில் இருந்தது. பழைய வாபிட்டிகளே அதற்கும் வாய்த்தன. 1942 ஏப்ரல் 6ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கியபோது சோழமண்டலக் கரை முழுதும் அச்சம் பரவி, சென்னை நகரமே வெறிச்சோடியது. நம் பகுதியில் உளுந்தூர்ப்பேட்டையில் கிடக்கும் பழைய ஓடுதளம் அப்போர்க் காலத்தின் எச்சமே. பரங்கிமலையின் 'பரங்கி'யும் பரங்கிப்பேட்டையின் 'பரங்கி'யும் ஒன்றே என்பதை இடையே சொல்லி மேலே செல்வோம்.

மீட்கப்பட்ட மீட்பன்

விடுதலைக்குப் பின் முதற் பெருஞ்செயல் டகோட்டா விமானங்களால் நிகழ்ந்தது. 1947 அக்டோபர் 27ஆம் நாள் விடியலில் சீக்கியப் படைவீரரைச் சுமந்து அவை ஸ்ரீநகரில் இறங்கின. டகோட்டா என்பதும் அமெரிக்கப் பழங்குடி ஒன்றன் பெயரே.

ஆனால் பெயர்களை ஆராயப் புகுந்த எம்மை மிகவும் ஈர்த்தது 'லிபரேட்டர்' என்னும் குண்டுவீச்சு விமானத்தின் வரலாறு. லிபரேட்டர் என்றால் விடுதலை தருவோன், மீட்பன். போர்க்காலத்தில் ஆங்கிலேய வான்படை பயன்படுத்திய அமெரிக்க விமானங்கள் இவை. போர் முடிந்ததும், கடனாகப் பெற்றவற்றைப் பிறர் பயன்படுத்தலாகாது என்னும் ஒப்பந்தத்தின்படி, கான்பூரில் இவற்றைச் சிதைத்துக் குப்பையாக விட்டுச் சென்றனர். புல்டோசர் கொண்டு மோதியும், இயந்திரங்களில் மணலைக் கொட்டியும் சிதைத்தனர் என்பர். இனி இவை பறக்கா என்பதே அவர் எண்ணம்.

1948இல் புதிய இந்தியாவுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் தேவைப்பட்டன. வாங்கப் பணம் இல்லை. பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் வல்லுநர் கான்பூர் சென்று அக்குப்பையைக் கிளறினர். ஒன்றன் இறக்கையை மற்றொன்றுக்கும், ஒன்றன் சக்கரத்தை வேறொன்றுக்கும் பொருத்தி, பெங்களூர் வரை பறந்தால் போதும் என்னும் அளவுக்குச் செப்பனிட்டனர். அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றவர் முன்ஷி என்னும் தொழிற்சாலை விமானி. அவ்வகை விமானத்தில் அவருக்கு முன்பயிற்சி இல்லை. ஒவ்வொரு முறையும் எது கழன்று விழும் என்று அறியாமல் பறந்திருப்பார். ஏறத்தாழ நாற்பது விமானங்கள் இவ்வாறு உயிர்பெற்றன. பெங்களூரில் முழுமையாகச் சீரமைக்கப்பட்டு 1968 வரை அவை நம் வான்படையில் பணியாற்றின. உலகில் வேறெந்த நாட்டிலும் அவ்வகைக் குண்டுவீச்சு விமானம் படைப்பணியில் இல்லாமற்போன காலம் அது. பின்னர் இங்கிலாந்தும் அமெரிக்காவும் கனடாவும் தம் காட்சியகங்களுக்கு லிபரேட்டர் வேண்டும் என்று நம்மிடமே வந்து பெற்றுச் சென்றன. சிதைத்தவரின் நாட்டுக் காட்சியகத்தில் இன்று நிற்பது நாம் மீட்டுக் கொடுத்த மீட்பன்.

காற்றின் பெயர்கள்

1953இல் பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த தாரை விமானத்தின் பெயர் 'ஊரகான்'. அதற்கும் சூறாவளி என்பதே பொருள். இம்முறை நம் வான்படை அப்பெயரை அப்படியே ஏற்காமல் 'தூஃபானி' என்று மாற்றிக்கொண்டது. வான்படையின் பெயர் வரலாற்றில் இஃது ஒரு திருப்பம் என்பது எம் துணிபு. தூஃபான் என்பது அரபியிலும் பாரசீகத்திலும் வழங்கி உருது, இந்தி வழியாகப் பரவிய சொல். நூஹ் நபி காலத்துப் பெருவெள்ளத்தைக் குறிக்கத் திருக்குர்ஆன் ஆளும் சொல்லும் இதுவே. 2011 டிசம்பர் 30ஆம் நாள் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததைக் கண்ட நமக்கு, ஒரு போர்விமானத்துக்குச் சூறாவளி என்று ஏன் பெயரிட்டனர் என்பதை யாரும் விளக்க வேண்டுவதில்லை.

அடுத்துக் குறிப்பிடத்தக்கது 'நேட்'. மிகச் சிறிய ஈ வகை ஒன்றன் பெயர். விமானமும் சிறியதே. 1965 போரில் இச்சிற்றீ, அமெரிக்கர் செய்த சேபர் விமானங்களை வீழ்த்தியது. 1971 டிசம்பர் 14ஆம் நாள் ஸ்ரீநகர்த் தளத்தைத் தாக்க வந்த சேபர்களை எதிர்த்துத் தனியொருவராய் நேட்டில் போரிட்டு உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் செக்கோன் பரம்வீர் சக்கரம் பெற்றார். வான்படையில் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே. அவர் சார்ந்த 18ஆம் அணி 2020 மே மாதம் கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் தேஜஸ் விமானங்களுடன் இயங்கத் தொடங்கியது. நேட்டை இந்துஸ்தான் தொழிற்சாலை திருத்தி அமைத்தபோது அதற்கு இடப்பட்ட பெயர் 'அஜீத்'; வெல்லப்படாதவன் என்பது பொருள். ஈ வெல்லப்படாதவனாக உயர்ந்தது பெயர் அளவில் மட்டுமன்று.

இந்தியாவிலேயே உருவான முதற் போர்த்தாரை விமானம் 1961 ஜூன் 17ஆம் நாள் முதன்முறை பறந்தது. வடிவமைத்தவர் குர்ட் டாங்க் என்னும் ஜெர்மானியர். பெயரோ 'மருத்', காற்று. 1963இல் வந்த 'மிக்' மட்டும் பொருளற்ற பெயர். மிக்கோயான், குரேவிச் என்னும் இரு வடிவமைப்பாளர் பெயர்களின் சுருக்கம் அது. பொருளற்ற அப்பெயரே மக்கள் நாவில் நிலைத்தது. மிக்-21 அறுபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி 2025 செப்டம்பர் 26ஆம் நாள் சண்டிகரில் விடைபெற்றது. 2020இல் அம்பாலாவில் படையில் சேர்ந்த 'ரஃபேல்' என்பதற்கு வன்காற்று வீச்சு என்று பொருள். ஊரகானைச் செய்த டசோ நிறுவனமே ரஃபேலையும் செய்தது. இம்முறை நாம் பெயரை மாற்றவில்லை. ஏன் என்பது சிந்தனைக்குரியது.

ஷம்ஷேர் முதல் கஜராஜ் வரை

வந்த விமானங்களுக்கெல்லாம் இந்தியப் பெயர் சூட்டும் வழக்கம் 1979க்குப் பின் வலுப்பெற்றது. ஆங்கில, பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்பான ஜாகுவார் 'ஷம்ஷேர்' ஆயிற்று. மிராஜ் 2000 'வஜ்ரா' ஆயிற்று. மிக்-27 'பகதூர்', மிக்-29 'பாஸ்', மிக்-25 'கருடா', இல்-76 'கஜராஜ்', ஆன்-32 'சட்லெஜ்' என்றாயின.

ஜாகுவார் வந்தபோது வான்படைத் தலைவராக இருந்தவர் இத்ரீஸ் ஹசன் லத்தீஃப். 1923இல் ஐதராபாத்தில் பிறந்தவர்; 1942இல் படையில் சேர்ந்தவர். நாடு பிரிந்தபோது, அவருடன் பறந்த நண்பர் சிலர் பாகிஸ்தானைத் தேர்ந்தனர். அவர் இங்கேயே இருந்தார். 1978 முதல் 1981 வரை வான்படையின் தலைவராகவும், பின் மகாராஷ்டிர ஆளுநராகவும், பிரான்சில் இந்தியத் தூதராகவும் விளங்கி 2018இல் மறைந்தார். 1947இல் அவர் எடுத்த முடிவு ஒரு நாள் முடிவு. அதன் பொருளை அவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் சீருடையில் நின்று காட்டினார். நம் கல்லூரி நூலகத்தில் அவரைப் பற்றிய நூல் ஒன்றுகூட இல்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கின்றோம்.

இப்பெயர்களை மொழிவாரியாகப் பகுத்தால் ஓர் உண்மை புலப்படும். ஷம்ஷேர் பாரசீகம், வாள் என்பது பொருள். பகதூர் பாரசீகத்தின் வழி வந்தது. வீரன் என்பது பொருள். பாஸ் பாரசீகம், வேட்டைப்பறவை. வஜ்ரா, கருடா, கஜராஜ், மருத், தேஜஸ் ஆகியவை வடமொழி. சட்லெஜ் பஞ்சாபின் ஆறு. யாம் பார்த்த அளவில் தமிழ்ப்பெயர் ஒன்றும் இல்லை. வேறு திராவிட மொழிப் பெயரும் இல்லை. எம் மாணவரின் ஐயம் உண்மையாயிற்று.

கடற்படை இவ்வகையில் முந்திக்கொண்டது. 1992இல் அரக்கோணத்தில் அமைந்த கடற்படை விமானத்தளத்துக்கு 'ராசாளி' என்றும், உச்சிப்புளியில் அமைந்த தளத்துக்குப் 'பருந்து' என்றும் பெயர். வான்படையின் பாஸும் கடற்படையின் ராசாளியும் ஓரினப் பறவைகளே. ஓர் அரசின் இரு படைகளுள் ஒன்றுக்குத் தமிழ் வாயில் நுழைந்தது, மற்றொன்றுக்கு நுழையவில்லை.

மறுதரப்பையும் சொல்ல வேண்டும். நாடு முழுதும் விளங்கும் சொல் வேண்டும் என்பர்; வடமொழிச் சொல் பல மொழிகளிலும் கலந்துள்ளமையால் அது எளிது என்பர். இதில் உண்மை உண்டு. இராமேசுவரத்துத் தமிழரான அப்துல் கலாம் தலைமையேற்று நடத்திய ஏவுகணைத் திட்டத்திலும் அக்னி, பிருத்வி, திரிசூல், ஆகாஷ், நாக் என்னும் பெயர்களே அமைந்தன. சங்கப் பாடல்களில் 'எழால்' என்னும் அழகிய வேட்டைப்பறவை உண்டு. அப்பெயரை ஒரு விமானத்துக்கு இட்டால் ழகரத்தை ஒலிக்கவே விமானியர்க்குத் தனிப் பயிற்சி தேவைப்படலாம். நம் ஊர் மாணவரே அதனை 'எலால்' என்று படிக்கும்போது பிறரைக் குறைகூற வாய் எழவில்லை. எனினும் 'ஷம்ஷேர்' என்பதைத் தமிழ் விமானி கற்றுக்கொள்ள முடியுமானால் 'பருந்து' என்பதைப் பஞ்சாபி விமானி கற்றுக்கொள்ள முடியாதா?

கலாமைப் பற்றிக் கூறியதால் மற்றொன்றும் கூறுவோம். அவர் இளமையில் விரும்பியது ஏவுகணையை அன்று. வான்படை விமானி ஆவதையே. டேராடூனில் நடந்த தேர்வில் இருபத்தைவருள் ஒன்பதாமவராக வந்தார்; எடுக்கப்பட்டவர் எண்மர். 2006 ஜூன் 8ஆம் நாள், எழுபத்து நான்காம் வயதில், குடியரசுத் தலைவராகப் புனேயில் சுகோய்-30 விமானத்தில் ஏறிப் பறந்தார். அத்தகைய சுகோய் அணி ஒன்று 2020 முதல் தஞ்சாவூரில் உள்ளது.

கடலில் ஓர் எண்

எம் மாணவர் அவ்வினாவை ஏன் கேட்டார் என்பதைப் பின்னர் ஒருநாள் அறிந்தோம். 2015 ஜூன் 8ஆம் நாள் இரவு, சென்னையிலிருந்து கண்காணிப்புக்குப் புறப்பட்ட கடலோரக் காவற்படையின் டோர்னியர் விமானம் மூவருடன் நம் கடலுக்கு மேல் காணாமற்போயிற்று. கப்பல்களும் நீர்மூழ்கியும் ஒரு மாதத்துக்கு மேல் தேடின. ஜூலையில், கடலூர், சிதம்பரம் கரைக்கு அப்பால், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடைத்தன. மூவரும் உயிருடன் திரும்பவில்லை. அப்போது பள்ளிச் சிறுவராக இருந்த எம் மாணவர், கரையில் நின்ற பெரியவர்கள் அவ்விமானத்தை என்ன சொல்லிக் குறிப்பிடுவது என்று தெரியாமல் 'அந்த ஏரோப்ளேன்' என்றே பேசியதைச் சொன்னார். டோர்னியர் என்பது செய்தவர் பெயர். அதற்கென்று இருந்தது 791 என்னும் எண். "கப்பல் முங்குனா பேரு சொல்லி அழுவாங்க சார்" என்றார். அதற்கடுத்த ஆண்டு, 2016 ஜூலை 22ஆம் நாள், தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு இருபத்தொன்பது பேருடன் சென்ற வான்படையின் ஆன்-32 வங்கக் கடலில் மறைந்தது. அதன் சிதைவுகள் ஏழாண்டுக்குப் பின், 2024 ஜனவரியில்தான், 3400 மீட்டர் ஆழத்தில் அடையாளம் காணப்பட்டன. அதற்குச் 'சட்லெஜ்' என்று ஒரு பெயர் உண்டென்பதை அந்நாட்களின் செய்திகளில் யாம் காணவில்லை.

காவிரி

தேடலின் இறுதியில் ஒரு பெயர் அகப்பட்டது. விமானத்தின் பெயர் அன்று. விமான இயந்திரத்தின் பெயர். தேஜஸ் விமானத்துக்கென 1989இல் இசைவு பெற்று, பெங்களூரில் உள்ள ஆய்வகம் உருவாக்கத் தொடங்கிய தாரை இயந்திரத்தின் பெயர் 'காவிரி'. கன்னடர்க்கும் உரிய பெயரே. எனினும் சிலம்பு பாடிய ஆறு அன்றோ! போதிய உந்துவிசை கிட்டாமையால் 2008இல் தேஜஸ் திட்டத்திலிருந்து அது பிரிக்கப்பட்டது. தேஜஸ் இன்று பறப்பது அமெரிக்க இயந்திரத்தால். பெங்களூர்ப் பக்கத்திலிருந்து காவிரி வந்து சேராமை கொள்ளிடக் கடைமடையில் வாழும் நமக்குப் புதிய செய்தி அன்று.

இதனை எம் மாணவரிடம் சொன்னோம். அவர் பன்னிரண்டாம் வகுப்பில் வரலாறு பயின்றவர். கணிதமும் இயற்பியலும் பயிலாதார் வான்படையில் விமானி ஆக இயலாது. பட்டத்தில் அறுபது விழுக்காடு பெற்றால் நிருவாகம் முதலிய தரைப்பணிகளுக்கு உரிய தேர்வை எழுதலாம். அதற்குத்தான் அணியமாகி வருகின்றார்.

"காவிரி பறக்கவே இல்லையா, சார்?"

"2010இல் ருஷ்யாவில், வேறொரு விமானத்தின் இறக்கையில் மாட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். இப்போது ஆளில்லாப் போர்விமானத்துக்காக அதன் வேறு வடிவத்தை உருவாக்கி வருகிறார்கள்."

புறநானூற்றின் 27ஆம் பாடலை அவர்க்கு நினைவூட்டினோம். அவர் சற்று நேரம் பேசவில்லை.

"அப்ப நம்ம பேரு வெச்சது பறக்கும்போது, ஓட்ட ஆளு வேண்டாமா, சார்?"